‘க’ போட்ட பிளேட்

இந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் சொல்லி வருகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் நீங்கள் "இது நிஜமா சார்?" என்று கேட்டு, நான் முழிக்கக் கூடாது பாருங்கள்.

உட்காருங்கள் மேடம். மூன்று மணிக்கு மேல் இந்தக் கேன்டீனுக்கு யாரும் வரமாட்டார்கள். விழா மலருக்கு இரண்டு பக்கம் கேட்டீர்கள். டாக்டர் கற்பகவல்லியோடு இருபத்திரண்டு வருடம் ஒரே ஆய்வகத்தில் இருந்தவன், அந்தக் கண்டுபிடிப்பு நடந்தபோது அடுத்த மேஜைக்காரன் என்று என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். எழுதிவிட்டேன். இரண்டு விதமாக எழுதிவிட்டேன், அதுதான் சிக்கல். இரண்டும் இந்த உறையில் இருக்கின்றன. ஒன்றில் ஒரு பத்தி கூடுதல். அந்தப் பத்தி மலரில் வர வேண்டுமா, வேண்டாமா? அதைத்தான் பேச வேண்டும்.

இந்தத் தணிகாசலத்துக்கு அந்த அம்மாள் மேல் பொறாமை என்று இந்த வளாகத்தில் ஒரு பேச்சு உண்டு. உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பொறாமையெல்லாம் இல்லை. இருந்தால் அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருப்பேனா? போனேன். முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன். எண்ணூறு பேர் வந்திருந்தார்கள். நான் எண்ணவில்லை, மண்டபத்து மேனேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கண்டுபிடிப்பு ஒரு சர்க்கரையைப் பற்றியது. சர்க்கரை என்றதும் இந்த டீயில் போட்டிருப்பதை நினைக்காதீர்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு மேல் சர்க்கரைகள் உண்டு. அவற்றில் பலவற்றைக் குழந்தை செரிப்பதே இல்லை. குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கு அவை தீனி. கெட்ட கிருமிகள் குடல் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அவைதான். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடல் அழுகிப்போகும் ஒரு நோய் வரும். அதை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர்கள், ஒரே ஒரு குறிப்பிட்ட சர்க்கரை, கலப்பில்லாமல், சோதனைக்கு வேண்டும் என்று எங்களிடம் கேட்டார்கள். பால் சர்க்கரையின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரையை ஒட்ட வேண்டும். சரியான இடத்தில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

நான் வேதியியல்காரன். பால் சர்க்கரைக்கு ஒட்டிக்கொள்ளும் கைகள் எட்டு. வேண்டாத கைகளைக் கட்டிப்போட்டு, ஒன்றை மட்டும் விட்டு, அதில் ஒட்டி, அப்புறம் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். பதினான்கு படி. ஏழு மாதம். கடைசியில் நாற்பது மில்லிகிராம் கிடைத்தது. ஒரு சிட்டிகைகூட இல்லை. அந்தக் குப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பிரமாதம் தணிகாசலம். ஆனா டாக்டருங்க பத்து கிராம் கேக்குறாங்களே" என்றார்.

அந்த மாதம்தான் கற்பகவல்லி வந்து சேர்ந்தார். முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொன்னார்: "கடல்ல இருக்கிற சில பாக்டீரியா இதே வேலையைச் செய்யுது சார். அதோட என்சைம் கிடைச்சா தண்ணியிலேயே ஒட்டிடலாம். கட்டவும் வேணாம், அவுக்கவும் வேணாம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த 'கட்டவும் வேணாம், அவுக்கவும் வேணாம்' இருக்கிறதே, இன்றைக்கும் பல் தேய்க்கும்போது ஞாபகம் வருகிறது.

இரண்டு பேரும் பாக்டீரியா தேடுங்கள் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். முப்பத்தினாலு வயதில் நான் கிருமி வளர்க்கக் கற்றுக்கொண்டேன்.

இங்கே ‘க’வைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருமி வளர்க்கும் வட்டமான சின்ன மூடித் தட்டை நாங்கள் பிளேட் என்போம். வேலை முடிந்த பிளேட்டுகளைச் சேகரித்து, ஆட்டோகிளேவில் நீராவியில் அவித்துக் கொட்டுவது சகாயமேரியின் வேலை. எங்களுக்கு மேரிம்மா. மேரிம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். கொட்டிவிடு என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் ‘டிஸ்கார்ட்’ என்ற சொல்லின் வடிவத்தை மட்டும் பழகி வைத்திருந்தார். ஒருநாள் ஒருவர் ‘டூ நாட் டிஸ்கார்ட்’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போக, அந்த ஆளின் ஆறு மாத வேலையை மேரிம்மா அவித்துக் கொட்டிவிட்டார். பெரிய ரகளை. அதற்கு அப்புறம் நான்தான் வழி சொன்னேன். கழிவு என்பதற்கு ‘க’ போடுவோம், ‘க’ போட்டதை மட்டும் எடுங்கள் என்றேன். ஆமாம், அந்தக் ‘க’ என்னுடையது. அந்த ஆய்வகத்தில் என்னுடையது என்று யாரும் மறுக்காத ஒரே விஷயம் அதுதான்.

கற்பகவல்லி வந்தார். தன் பிளேட்டுகளில் க-1, க-2 என்று போட்டுக்கொண்டார். கற்பகவல்லிக்குக் ‘க’.

"மேடம், இங்க க-ன்னா கழிவு" என்று போய்ச் சொன்னேன்.

"நான் பொறந்ததுலேர்ந்து க-தான் சார்" என்று சிரித்தார். "நம்பரோட இருந்தா நான், மொட்டையா இருந்தா குப்பை. மேரிம்மாவுக்குச் சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மேரிம்மாவும் சிரித்தார்.

மாதிரி எடுக்க இரண்டு பேரும் காசிமேட்டுக்குத்தான் போவோம், தனித்தனியாக. காரப்பொடி என்று வெள்ளி வெள்ளியாக ஒரு சின்ன மீன். அதன் தொண்டைக்குக் கீழே சில பாக்டீரியா குடியிருக்கும். ஒரே மீன்காரம்மாவிடம்தான் இருவரும் வாங்கினோம். முதல் நாள் நான் கேட்டதும் அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீனு வாணாம், தொண்டையும் கொடலும் வேணுமா? பூனை வச்சிருக்கியா?"

"ஆராய்ச்சிம்மா."

"ஓ, அந்தக்கா ஆபீசா? அதுக்குன்னு நல்லதா பாத்து எடுத்து வச்சிருக்கேன். நீ இதை எடுத்துக்கோ."

பார்த்தீர்களா? மீன் சந்தையில்கூட. இரண்டு வாரத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஐஸ் பெட்டியிலிருந்து மீன், எனக்குத் தரையிலிருந்து.

சரி. என் பிளேட்டுகளை முப்பத்தேழு டிகிரியில் வைத்தேன். புத்தகத்தில் முப்பத்தேழு என்று இருந்தது. அது மனித உடம்பில் வாழும் கிருமிகளுக்கான கணக்கு என்று அதற்கு மேல் இருந்த வரியில் இருந்ததாம். கடல் கிருமிக்கு அந்தச் சூடு ஆகாது. எனக்கு அது அப்போது தெரியாது. பிளேட்டுகளில் ஒன்றும் சரியாக வளரவில்லை. என் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. பதினோரு பிளேட்டில் மொட்டையாகக் ‘க’ போட்டு, கிருமி வளர்க்கும் கல்ச்சர் அறை மேஜையில் அடுக்கி வைத்துவிட்டுத் திருத்தணிக்குப் போனேன். ஐந்து நாள் லீவு.

நான்காவது நாள், பகல் பதினோரு மணிக்குக் கரண்ட் போனதாம். கல்ச்சர் அறைக்கு ஜன்னல் கிடையாது. கும்மிருட்டு. அந்த இருட்டில் கற்பகவல்லியின் அலமாரியில் ஒரே ஒரு பிளேட் நீலமாக ஒளிவிட்டிருக்கிறது. ஏதோ எடுக்க வந்த மேரிம்மா "யேசுவே, பேய்!" என்று கத்த, கற்பகவல்லி ஓடிவந்து பார்த்திருக்கிறார். காரப்பொடியின் தொண்டையில் சில வகை பாக்டீரியா இப்படி ஒளிரும். அவர் அதைப் பிரித்து வளர்த்தார். அதிலிருந்துதான் அந்த என்சைம். நான் திருத்தணியில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்தில் காலையில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் சர்க்கரை தயாராக ஆரம்பித்தது. முதலில் மில்லிகிராம், அப்புறம் கிராம். டாக்டர்கள் நேரிலேயே வந்து வாங்கிப்போனார்கள். அதற்கு முன்னால், சரியான சர்க்கரைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் இல்லையா? எதோடு ஒப்பிடுவது? உலகத்தில் எங்களுக்குத் தெரிந்து கையில் இருந்தது என் நாற்பது மில்லிகிராம்தான்.

"உங்களோடது கொஞ்சம் குடுங்க சார். அது இல்லன்னா நான் செஞ்சது என்னன்னு எனக்கே தெரியாது" என்று வந்து நின்றார்.

கொடுத்தேன். இயந்திரத்தில் இரண்டு மாதிரிகளின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மயிரிழை வித்தியாசம் இல்லை. என் ஏழு மாதமும் அவருடைய மூன்று மணி நேரமும் ஒரே கோடு. அவர் கை தட்டினார். மைசூர்பாகு கொடுத்தார், முதல் துண்டு எனக்குத்தான். கட்டுரையில் என் பெயரையும் போட்டார். மூன்றாவதாக. மூன்றாவது என்றால் பாருங்கள், படிக்கிறவன் இரண்டோடு நிறுத்திவிட்டு ‘மற்றும் பலர்’ என்பான்.

அந்த மைசூர்பாகு வாரத்தில்தான் அவருடைய ஆய்வு நோட்டைப் புரட்டினேன். மேஜை மேல் திறந்துதான் கிடந்தது. ஒளிர்ந்த பிளேட் பற்றி அவர் கையெழுத்தில் இருந்த வரி: "எண் தெரியவில்லை. அழிந்திருக்கலாம். ‘க’ மட்டும் இருக்கிறது."

‘க’ மட்டும்.

மேடம், அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்ல? சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். மொட்டைக் ‘க’ யாருடையது? கழிவு. அந்த வாரம் கழிவு போட்டது யார்? நான். மேஜையில் நான் அடுக்கிவிட்டுப் போன பதினொன்றில் ஒன்றை மேரிம்மா கற்பகவல்லியுடையது என்று நினைத்து அவர் அலமாரியில் எடுத்து வைத்திருந்தால்? முப்பத்தேழிலிருந்து வெளியே வந்து, ஏசி அறையின் குளிரில், சாகக் கிடந்தது பிழைத்து ஒளிர்ந்திருந்தால்?

கழுவும் அறைக்குப் போனேன். ஆட்டோகிளேவ் சீறிக்கொண்டிருந்தது. மேரிம்மா அதைப் ‘பெரிய குக்கர்’ என்பார். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டும்.

"மேரிம்மா, நான் லீவுல போனப்ப க போட்ட என் பிளேட்டு ஒண்ணை கற்பகம் மேடம் அலமாரியில வச்சீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். "வச்சிருக்கேன் சார்" என்றார்.

போதும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அப்போது இரண்டே இரண்டு பேரிடம்தான் சொன்னேன். டைரக்டரின் பி.ஏ.விடம் ஒருமுறை, தேர்வுக் குழுவில் இருந்த என் நண்பர் ஒருவரிடம் ஒருமுறை. அவர்களுக்கு வாய் இருந்தது என் குற்றமா? அடுத்த வருடம் துறைத்தலைவர் பதவிக்குக் கற்பகவல்லியின் பெயர் போய், "அந்தக் கண்டுபிடிப்பில் ஏதோ பேச்சு இருக்கிறதே" என்று திரும்பி வந்தது. வெளியிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். எனக்கும் கிடைக்கவில்லை. ஆகவே இதில் எனக்கு லாபம் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் அவர் காதுக்குப் போயிற்று. சண்டைக்கு வருவார் என்று தயாராக இருந்தேன். என்னென்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டேன். வந்தார். என் மேஜைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது உங்க பிளேட்டுன்னு சொன்னீங்களாமே சார்?"

"மேரிம்மா சொன்னாங்க."

"இருக்கலாம் சார். எனக்கும் அந்த நம்பர் விஷயம் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. அடுத்த கட்டுரையில எழுதிடட்டுமா? 'தணிகாசலம் சேகரித்த மாதிரியாக இருக்கலாம்'னு?"

"வேணாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இதைத்தான் நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பெருந்தன்மை என்று ரொம்ப நாள் நினைத்தேன். வீட்டில் என் மனைவி செண்பகத்திடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் எழுதினால் யாராவது சோதிப்பார்கள். ‘இருக்கலாம்’ என்று அச்சில் வந்துவிட்டால் அது வெறும் ‘இருக்கலாம்’தான். எழுதாமல் இருக்கும்வரை எனக்குள் அது ‘இருக்கிறது’.

நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று தெரிகிறது. என் பழைய மாதிரிகள் உறைபெட்டியில் இருக்குமே, மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று. பார்க்கலாம். இரண்டு நாள் வேலை. ஆனால் ஒரே சந்தை, ஒரே மீன்காரம்மா, ஒரே மீன். பொருந்தினாலும் ஒன்றும் நிரூபணம் ஆகாது. பொருந்தாவிட்டால்... அதை விடுங்கள்.

செண்பகம்தான் முதலில் கிளப்பினாள். ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. யாரோ விருந்தாளிக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே கேட்டாள்:

"மேரிம்மா என்ன சொன்னாங்க, இன்னொரு தடவ சொல்லுங்க?"

"வச்சிருப்பேன் சார்னு சொன்னாங்க."

"போன தடவ வச்சிருக்கேன்னு சொன்னதா சொன்னீங்களே?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாகும்? வச்சிருக்கேன்னா வச்சாச்சு. வச்சிருப்பேன்னா வச்சாலும் வச்சிருப்பேன், யாரு கண்டா. கேஸை அணைச்சிருக்கேன்னு சொல்றவளும் அணைச்சிருப்பேன்னு சொல்றவளும் ஒண்ணா? ரெண்டாவது ஆளை நம்பி ஊருக்குப் போவீங்களா?"

விருந்தாளி சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் சாப்பிட முடியவில்லை. ஒரே ஒரு எழுத்து மேடம். ஒன்றில் ‘க்கே’, இன்னொன்றில் ‘ப்பே’. குக்கர் சீறிய அந்தச் சத்தத்தில் மேரிம்மா வாயிலிருந்து எது வந்தது? நான் கேட்டது எது? ஒரு தலைவர் பதவி அந்த ஒரு எழுத்தில் போயிருக்கிறது. குளிக்கும்போது இரண்டையும் சொல்லிப் பார்ப்பேன். மேரிம்மா குரலில் சொல்லிப் பார்ப்பேன். எது சொன்னாலும் அதுதான் சரி என்று படும்.

இப்போது நீங்கள் மலர் என்று வந்தீர்கள். கூடுதல் பத்தி அதுதான்: "அந்தப் பிளேட் நான் சேகரித்தது, ஊழியர் சகாயமேரி அதை டாக்டர் கற்பகவல்லியின் அலமாரியில் வைத்திருக்கிறார்." எழுதிவிட்டு, ‘வைத்திருக்கிறார்’ என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. அச்சில் வந்தால் அப்படியே நிற்குமே. கேட்டுவிடுவது என்று போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன்.

மேரிம்மா ஓய்வு பெற்று ஒன்பது வருடம். எர்ணாவூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார். சுவரில் அவருடைய வழியனுப்பு விழாப் படம் மாட்டியிருந்தது. நடுவில் கற்பகவல்லி, அவர் தோளில் கை போட்டுக்கொண்டு. நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன். ஓரத்தில். என் காது மட்டும்.

"கற்பகம் மேடம் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் வந்துடுவாங்க சார்" என்றார். "நீங்கதான் இப்பதான் வழி கண்டுபிடிச்சீங்க."

காபி வந்தது. குடித்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"மேரிம்மா, ஞாபகம் இருக்கா? அந்த வெளிச்சம் போட்ட பிளேட்டு. என்னோடதை அவங்க அலமாரியில வச்சீங்களான்னு கேட்டேன். நீங்க அன்னைக்கு 'வச்சிருக்கேன்'னு சொன்னீங்களா, 'வச்சிருப்பேன்'னு சொன்னீங்களா?"

மேரிம்மா சிரித்துவிட்டார். "இதுக்கா சார் தாம்பரத்துலேர்ந்து ரயிலு புடிச்சி வந்தீங்க?"

"சொல்லுங்க."

"நான் என்ன சொன்னேன்னு எனக்கு எங்க சார் ஞாபகம்? நீங்க கேட்டதுதான் ஞாபகம் கீது. மூணு நாளு கேட்டீங்க. மொத நாளு, தெரியல சார்னேன். ரெண்டாம் நாளு, சத்தியமா தெரியல சார், அது நடந்தே மூணு மாசம் ஆவுது, ஒரு நாளைக்கு அறுவது பிளேட்டு எடுக்குறேன்னேன்."

மூன்று நாள் என்பதை நான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள். எனக்கே மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

"மூணாம் நாளு?" என்றேன்.

"மூணாம் நாளு மதியம் மூணு மணிக்கு வந்து நின்னீங்க. கையில டிபன் பாக்ஸு. தொறக்கவே இல்ல. மூஞ்சி பாக்க சகிக்கல சார். ஆஸ்பத்திரி வராண்டாவுல நிப்பாங்களே, அந்த மாதிரி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏதோ சொன்னேன். நீங்க சாப்பிடப் போனீங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் மகள் வந்து எடுத்துக்கொண்டு போனாள். தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது, குடங்களோடு பெண்கள் ஓடினார்கள். மேரிம்மா முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை கழுவும் அறையில் பார்த்த அதே பார்வையாக இருந்தது. ‘க்கே’யும் ‘ப்பே’யும் எனக்கு மறந்தே போய்விட்டது. வாயில் வேறு கேள்வி வந்தது.

"நான் அன்னைக்குக் கேக்காமலே இருந்திருந்தா, நீங்களா வந்து என்கிட்ட சொல்லியிருப்பீங்களா மேரிம்மா?"